வைக்கோல் போர் செய்த வேலை

அந்த வாரம் முழுவதும் பதினோராம் வகுப்பில் வேலையும் ஆற்றலும்தான் பாடம். கல்வராயன் மலை மேல் இருந்த ஓர் அரசு உறைவிடப் பள்ளியில் நான் இயற்பியல் ஆசிரியை. பிள்ளைகள் எல்லாரும் சுற்றியிருந்த மலைக் கிராமங்களிலிருந்து வந்து தங்கிப் படிப்பவர்கள். கைப்பேசி என்று ஒன்று வரப்போவது யாருக்கும் தெரியாத காலம் அது.

ஒரு பொருளின் மீது செய்யப்பட்ட வேலை, அதன் இயக்க ஆற்றலில் ஏற்பட்ட மாற்றத்துக்குச் சமம். இதை நான் கரும்பலகையில் எழுதினேன். அவர்கள் நோட்டில் எழுதினார்கள். புத்தகத்தில் ஒரு கார் வரும். அது இவ்வளவு வேகத்தில் போய் பிரேக் போட்டு நிற்கும். பிரேக் செய்த வேலை என்ன என்று கேட்பார்கள். என் பிள்ளைகள் யாரும் காரில் ஏறியதில்லை. ஆனாலும் சூத்திரத்தில் எண்களைப் போட்டு விடையைச் சரியாகவே கொண்டுவந்தார்கள். முகத்தில் மட்டும் ஒன்றும் இருக்காது. ரேஷன் கடை வரிசையில் நிற்பவர்களைப் போல உட்கார்ந்திருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை ஒரு பெண் எழுந்து கேட்டாள். "புளி மூட்டையத் தலையில வெச்சிக்கினு பஸ்ஸுக்கு நிக்கிறமே, அது வேலை இல்லீங்களா டீச்சர்?"

"இயற்பியல்ல இல்லம்மா. மூட்டை நகரலியே."

"அப்ப கழுத்து வலிக்குதே, அது இன்னாங்க டீச்சர்?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். தசைகள் உள்ளுக்குள் இழுத்து இழுத்து விடுவதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன், மணி அடித்துவிட்டது. அடித்ததில் எனக்கும் நிம்மதிதான்.

மறுநாள் சனிக்கிழமை. வாரக் கடைசியில் நான் திருக்கோவிலூருக்குப் போய்விடுவேன். வீடு அங்கேதான். கணவருக்கு அங்கே தாலுகா ஆபீஸில் வேலை. மலையிலிருந்து கச்சிராயபாளையம் ஒரு பஸ், அங்கிருந்து கள்ளக்குறிச்சி ஒரு பஸ், அப்புறம் திருக்கோவிலூர் ஒரு பஸ். முதல் பஸ் வராவிட்டால் மற்ற இரண்டும் இருந்து பயனில்லை. அன்றைக்கு அந்த முதல் பஸ் வரவில்லை. எங்கேயோ மேட்டில் மக்கர் பண்ணி நின்றுவிட்டதாக டீக்கடையில் சொன்னார்கள்.

நான் பையோடு நின்றுகொண்டிருந்தபோது மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய மினி லாரி ஒன்று வந்து நின்றது. மாசி மாதம், கிழங்கு பிடுங்குகிற பருவம். ஜவ்வரிசி மில்லுக்குப் போகிற வண்டி. டிரைவரை எனக்குத் தெரியும். பள்ளிக்கு அரிசி மூட்டை கொண்டுவருபவரும் அவர்தான். நாற்பத்தைந்து வயதிருக்கும். கச்சிராயபாளையம் பக்கத்து ஆள். வாய் ஓயாமல் பேசுவார்.

"பஸ்ஸு வராதுங்க டீச்சர். ஏறிக்குங்க, பாளையத்துல வுட்டுர்றேன்."

ஏறினேன். சீட்டில் பஞ்சு பாதிதான் இருந்தது. என் பக்கத்துக் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். கண்ணாடியில் ஒரு கீறல் மேலிருந்து கீழ்வரை ஓடியது. எனக்கு முன்னால் இருந்தவற்றில் ஒழுங்காக இயங்கியது வேகம் காட்டும் முள் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டேன். அது மட்டும் சின்ன அசைவுக்கும் துடிப்பாக ஏறி இறங்கியது.

இறக்கம் தொடங்கியதும் அவர் பேச்சும் தொடங்கியது. மூத்த மகளுக்குச் சங்கராபுரம் பக்கத்தில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார். மாப்பிள்ளை நல்ல பையன், ஆனால் மாப்பிள்ளையின் அண்ணன் பேச்சு சரியில்லை. ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக்கை மிதிப்பார், ஒரு கையால் ஸ்டியரிங்கை ஒடிப்பார், மறு கையால் மாப்பிள்ளையின் அண்ணனைத் திட்டுவார். வெளியே மூங்கில் புதர்களும் பாறைகளும் சுற்றிச் சுற்றி வந்தன. கீழே கோமுகி அணையின் தண்ணீர் ஒரு வளைவில் தெரியும், அடுத்ததில் மறையும்.

பாதி மலை இறங்கியபோது ஒரு கருகல் நாற்றம் வந்தது.

"ஏதோ தீயற மாதிரி இருக்குதே?"

"பிரேக்கு சூடாவுதுங்க டீச்சர். எறக்கத்துல லோடோட வந்தா அப்படித்தான்."

எனக்கும் அது இயல்பாகத்தான் தோன்றியது. மலை உச்சியில் கிழங்குக்கு இருந்த ஆற்றலெல்லாம் எங்கேயாவது போயாக வேண்டும். பிரேக் அதைத் தின்று சூடாக்கிக்கொண்டிருக்கிறது. வாரம் முழுக்க நடத்திய பாடம்தானே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கடைசி வளைவைத் திரும்பியதும் அவர் பேச்சு பாதியில் நின்றது. கால் ஒரு முறை மிதித்தது. மறுபடி மிதித்தது. பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது.

"கெட்டியாப் புடிச்சிக்குங்க டீச்சர்."

"இன்னாச்சு?"

"பிரேக்கு புடிக்கல."

கியரைக் குறைத்தார். இன்ஜின் அலறியது. கொஞ்சம் வேகம் குறைந்தது, இறக்கம் அதை உடனே திருப்பிக் கொடுத்தது. எங்களுக்கு முன்னால் ரோடு நேராகச் சரிந்து ஒரு வாய்க்கால் பாலத்தில் போய் முடிந்தது. குறுகலான பாலம். அதன் மேல் கரும்பு ஏற்றிய மாட்டு வண்டிகள் இரண்டு, முன்னும் பின்னுமாக, மெதுவாக அசைந்துகொண்டிருந்தன. கூடவே கரும்பு வெட்டிவிட்டுத் திரும்பும் பெண்கள், தலையில் கரும்புத் தோகைக் கட்டுகளோடு. ரோட்டுக்கு இடப்பக்கம் பெரிய புளியமரம். வலப்பக்கம் அறுவடை முடிந்த நெல் வயல், அதில் ஒரு நீளமான வைக்கோல் போர்.

அந்த நேரத்தில் நான் சாமியைக் கும்பிட்டிருக்கலாம். கணவரையோ அம்மாவையோ நினைத்திருக்கலாம். என் கண் போனது அந்த முள்ளுக்கு. ஐம்பத்து நான்கு என்று படித்தேன். பதினெட்டால் வகுத்து ஐந்தால் பெருக்கு என்றது மண்டைக்குள் ஏதோ ஒன்று. நொடிக்குப் பதினைந்து மீட்டர். அவ்வளவுதான். அதற்குள் அவர் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்துவிட்டார்.

வரப்பில் ஏறியபோது என் தலை கூரையில் இடித்தது. சக்கரம் ஈர மண்ணுக்குள் இறங்கியது. பிறகு கண்ணாடி முழுக்க மஞ்சள், உடனே இருட்டு. ஒரு பெரிய கை எங்களைப் பிடித்து, முன்னால் போகவிடாமல் அழுத்தி, அழுத்தி, அழுத்தி நிறுத்தியது போலிருந்தது. நான் இரண்டு கையாலும் முன்பலகையில் ஊன்றிக்கொண்டிருந்தேன். பின்னால் கிழங்குகள் கேபின் மேல் கல்மாரி போலக் கொட்டின.

அப்புறம் சத்தமே இல்லை. கூரையில் ஒரே ஒரு கிழங்கு மட்டும் உருண்டு போய் எங்கேயோ விழுந்தது.

"டீச்சர், இருக்கீங்களா?"

"இருக்கேன். நீங்க?"

"இருக்கேன்னுதான் நெனைக்கிறேங்க."

அவர் பக்கத்துக் கதவை உதைத்துத் திறந்து, வைக்கோலைக் குடைந்துகொண்டு வெளியே வந்தோம். எனக்கு நெற்றியில் ஒரு வீக்கம், அவருக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு. வேறொன்றும் இல்லை. வாய்க்கால் பாலத்தில் மாட்டு வண்டிகள் நின்றுவிட்டன. பெண்கள் தலைச்சுமையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்துகொண்டிருந்தார்கள்.

அவர்களுக்கு முன்னால் வயல்காரர் வந்து சேர்ந்தார். துண்டு ஒரு பக்கம், வேட்டி ஒரு பக்கம். ஐம்பது வயதுக்கு மேல், நல்ல உயரம். "அடப்பாவி, போருக்குள்ள லாரிய வுட்டியேடா!" என்று தூரத்திலேயே ஆரம்பித்தவர், என்னைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றார். ஒரு பெண்பிள்ளை தலை நிறைய வைக்கோலோடு நிற்பதை அவர் எதிர்பார்க்கவில்லை.

அவருக்குப் பின்னாலேயே வந்த அவர் மனைவிதான் மூக்கை உறிஞ்சினார்.

"யோவ், சண்டைய அப்பறம் போடு. பொகை வருது பாரு."

வண்டியின் பின் சக்கரத்தருகே மெல்லிய வெள்ளைப் புகை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. மலையின் ஆற்றலையெல்லாம் தின்ற அந்த பிரேக், சுட்டுப் பழுத்த இரும்பாகக் காய்ந்த வைக்கோலுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது.

"சக்கரத்தண்ட இருக்கிற வைக்கோல இழுங்க! சக்கரத்தண்ட!" என்று கத்தினேன்.

அடுத்த சில நிமிடங்கள் யாரும் யாருக்கும் எதிரியாக இல்லை. வயல்காரரும் டிரைவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வைக்கோலைப் பிடுங்கி எறிந்தார்கள். கரும்பு வெட்டின பெண்கள் வரிசையாகப் புகுந்து வாரினார்கள். வயல்காரரின் மனைவி பம்புசெட்டைப் போட்டுவிட்டு, குடத்தோடு ஓடிவந்தார். நானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குடம் தூக்கினேன். முதல் குடம் சக்கரத்தில் பட்டதும் புஸ்ஸென்று ஆவி கிளம்பி எல்லாரும் பின்னால் குதித்தோம். தீ பிடிக்கவில்லை. ஒரு கூடை அளவு வைக்கோல் கருகியதோடு போயிற்று.

புகை அடங்கியதும் வயல்காரருக்குத் தன் கோபம் ஞாபகம் வந்தது. தோளில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

"ஏம்பா, இத்தினி எடம் கெடக்குது. என் போருதான் கெடைச்சுதா ஒனக்கு? அந்தாண்ட புளியமரம் இருக்குது இல்ல, அதுல வுட்டா வண்டி நின்னுருக்காதா?"

வழியெல்லாம் பேசிய டிரைவர், இப்போது முழங்கைச் சிராய்ப்பையே துடைத்துக்கொண்டிருந்தார்.

"நின்னுருக்கும்ங்க," என்றேன் நான். "வண்டி நின்னுருக்கும். நாங்கதான் நின்னுருக்க மாட்டோம்."

"அது எப்படிம்மா? போருன்னாலும் நிக்குது, மரம்னாலும் நிக்குது."

அவர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். ஐந்து நாட்களாக வகுப்பில் ஒருவர்கூட இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்பது என் மனதில் ஓடியது. லாரியின் பின் பலகையில் மலைரோட்டுப் புழுதி விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. அதன் முன்னால் போய் நின்றேன்.

"அண்ணே, வண்டி எத்தினி டன்?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"வண்டி ரெண்டரைங்க. லோடு மூணரை."

ஆறு டன். ஆறாயிரம் கிலோ என்று புழுதியில் விரலால் எழுதினேன். வேகம் பதினைந்து. பதினைந்தைப் பதினைந்தால் பெருக்கினால் இருநூற்று இருபத்தைந்து. அதை நிறையில் பாதியான மூவாயிரத்தால் பெருக்கினேன். ஆறு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் ஜூல்.

"வரப்புல ஏறினப்ப இந்த வண்டிகிட்ட இவ்ளோ ஆற்றல் இருந்துதுங்க. இப்ப சும்மா நிக்குது. ஒண்ணும் இல்ல. அப்ப அது அத்தனையும் எடுத்தது யாரு?"

"யாரு?" என்றார்.

"உங்க போருதான். அவ்ளோ வேலை செஞ்சிருக்குது."

வயல்காரர் போரைத் திரும்பிப் பார்த்தார். ஒரு பக்கம் முழுக்கக் குடைந்து, முதுகு சரிந்து, லாரியை விழுங்கின மாதிரி கிடந்தது.

வரப்பின் விளிம்பிலிருந்து சக்கரம் நின்ற இடம் வரை நடந்து அளந்தேன். ஏறக்குறைய பதினைந்து மீட்டர். வேலையைத் தூரத்தால் வகுத்தால் விசை. நாற்பத்தைந்தாயிரம் நியூட்டன்.

"இது எங்க பாட பாஷை. உங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, நாலரை டன் எடையத் தூக்கிப் புடிக்கிற பலம். அந்தப் பலத்தோட உங்க போரு எங்களப் புடிச்சுப் புடிச்சு நிறுத்திச்சு. இப்ப மரத்துக்கு வாங்க. மரம் நகராது. வண்டி மூஞ்சி அரை மீட்டர் நசுங்கும், அதோட சரி. செய்ய வேண்டிய வேலை அதேதான், ஒரு ஜூல்கூடக் கம்மி இல்ல. ஆனா பதினஞ்சு மீட்டர்ல செஞ்சத அரை மீட்டர்ல செய்யணும். முப்பது மடங்கு பலம். நூத்தி முப்பத்தஞ்சு டன்."

கரும்பு வெட்டின பெண்களில் ஒருவர் 'ஐயோ' என்று வாயைப் பொத்திக்கொண்டார். டிரைவர் புளியமரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்படியே வரப்பில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். சத்தமில்லாமல் அல்ல, குழந்தை அழுவது போல. வயல்காரருக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. பக்கத்தில் போய் நின்றார், முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். "சரி வுடுப்பா. அதான் மரத்துல வுடலியே. ஆம்பள, எதுக்கு அழுவுற."

பிறகு என்னிடம் திரும்பி, பின் பலகையைச் சுட்டிக்காட்டினார். "டீச்சர், அது இன்னா, முன்னால ஒரு கோடு?"

நான் பழக்கதோஷத்தில் விடைக்கு முன்னால் கழித்தல் குறி போட்டிருந்தேன்.

"மைனஸுங்க. வண்டி ஒரு பக்கம் போச்சு, போரு அதுக்கு எதிர்ப் பக்கம் தள்ளிச்சு இல்ல, அதனால."

"என் போரு செஞ்ச வேலை மைனஸா?" குரலில் நிஜமான வருத்தம்.

"எதுத்து நின்னுதுன்றாங்கய்யா," என்றார் அவர் மனைவி. "எதுத்து நின்னு மல்லு கட்டினதுக்கு அந்தக் கோடு. இதுகூடத் தெரியல."

அவர் சமாதானம் ஆனார். உடனே வேறொரு எண்ணம் வந்தது. போர் அவ்வளவு கெட்டியாக நின்றதற்குக் காரணம், தான் அதை அடுக்கின விதம்தான் என்று கூட்டத்துக்குச் சொல்ல ஆரம்பித்தார். ஒவ்வொரு வைக்கோல் பிரியையும் எப்படிக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டார் என்று கையால் காட்டினார்.

"அடுக்கினது நீ. மேல ஏறி மெறிச்சது யாரு?" என்றார் மனைவி. "ரெண்டு நாளு மெறிச்சு மெறிச்சு என் காலு வீங்கிப்போச்சு. டீச்சரு சொல்லட்டும். மெறிக்காம தொளதொளன்னு வுட்டிருந்தா லாரி நின்னுருக்குமா, அந்தாண்ட பூந்து போயிருக்குமா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் வாழ்நாளில் எந்த விடைத்தாளைத் திருத்தும்போதும் நான் அவ்வளவு யோசித்ததில்லை. தளர்வாக இருந்திருந்தால் இன்னும் அதிக தூரம் போய்த்தான் நின்றிருக்கும், ஒருவேளை போரைத் தாண்டியே போயிருக்கும் என்று சொன்னேன். அந்த அம்மாள் கணவரைப் பார்த்த பார்வை இப்போதும் கண்ணில் நிற்கிறது. பிறகு என்னைக் கையைப் பிடித்துப் பம்புசெட்டு நிழலுக்குக் கூட்டிப் போய், கூழ் கரைத்துக் கொடுத்து, தலையிலிருந்து வைக்கோலை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார்.

அன்று மாலை நான் திருக்கோவிலூர் போய்ச் சேர்ந்து நடந்ததைச் சொன்னேன். என் கணவர் எதற்கும் பதறாதவர். நெற்றி வீக்கத்துக்கு மஞ்சள் குழைத்துக் கொண்டுவந்து பற்றுப் போட்டார். பிறகு, "பிரேக் போனப்ப ஸ்பீடையா பாத்தே?" என்றார். "ஆமா" என்றேன். மஞ்சள் கிண்ணத்தை ஓரமாக வைத்தார். "எனக்காகக் கொஞ்சம் பயந்தும் இருந்திருக்கலாமே நீ" என்றார். அதற்கப்புறம்தான் எனக்குக் கை கால் எல்லாம் நடுங்க ஆரம்பித்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நடுக்கம் நிற்கும்வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை நான் வகுப்பில் நுழைவதற்கு முன்பே கதை நுழைந்திருந்தது. மலைக்கு வந்த முதல் பஸ்ஸிலேயே ஏறி வந்துவிட்டது போலும். அதுவும் வளர்ந்து வந்திருந்தது. பாளையத்தில் லாரி பத்து டன்னாம். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இருபது டன்னாம். வேகம் நூறாம். டீச்சர் மந்திரம் மாதிரி ஏதோ எழுதினாராம், வண்டி நின்றதாம்.

"அப்படியா டீச்சர்?"

"எழுதினது வண்டி நின்னப்புறம்" என்றேன்.

பாடப்புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, லாரியையும் போரையும் பலகையில் வரைந்தேன். அன்று யாரும் வரிசையில் நிற்பவர்களைப் போல உட்காரவில்லை. வேகம் இரண்டு மடங்காகியிருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். ஆற்றல் நான்கு மடங்கு, போர் அதே பலத்தில் பிடித்தாலும் அறுபது மீட்டர் வேண்டும் என்று கணக்குப் போட்டுவிட்டு, "அந்தாண்ட கெணறு இருக்குதுங்களா டீச்சர்?" என்று ஒருவன் கவலையோடு கேட்டான். கிணறு இல்லாவிட்டால் வாழைத்தோப்பு, வாழைமரம் எவ்வளவு வேலை செய்யும் என்று இன்னொருத்தி. மணி அடித்தது, யாரும் எழுந்திருக்கவில்லை.

இதற்கிடையில் டிரைவர் லாரி முதலாளியிடம் பேசி, பிரேக் முழுவதையும் மாற்ற வைத்தார். மாற்றாமல் ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். வயல்காரரிடம் போய், கலைந்த போரைத் தானே வந்து கட்டித் தருவதாகவும் சொல்லியிருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. செய்தி என் காதுக்கு வந்ததும் நானும் வருகிறேன் என்றேன். நான் போகிறேன் என்றதும் வகுப்பு முழுக்கக் கிளம்பிவிட்டது. தலைமையாசிரியர் யோசித்து, பெற்றோர் சிலரும் கூட வருவதானால் சரி என்றார். சந்தைக்கு இறங்குகிற பெற்றோர்கள் எப்படியும் இருந்தார்கள்.

அந்த ஞாயிறு காலையில் பஸ் எந்த மேட்டிலும் மக்கர் பண்ணாமல் ஒழுங்காக வந்தது. வயலில் இறங்கியதும் பிள்ளைகள் வைக்கோல் பக்கமே போகவில்லை. சக்கரத் தடத்துக்குத்தான் ஓடினார்கள். ஈர மண் காய்ந்து தடம் அப்படியே இறுகியிருந்தது. பள்ளியிலிருந்து கொண்டுவந்த டேப்பைப் பிடித்து அளந்தார்கள்.

"டீச்சர், பதினஞ்சு இல்லீங்க. பதினாலே முக்கால்."

"நடந்து அளந்தா அவ்ளோ வித்தியாசம் வரும்" என்றேன்.

புளி மூட்டைக் கேள்வி கேட்ட அந்தப் பெண் தடத்தின் ஓரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து வந்தாள்.

"இதுல பாதி தூரம் சேத்துலதான் வந்திருக்குதுங்க. போரு அப்பறம்தான் ஆரம்பிக்குது. எல்லா வேலையும் போரு செய்யலீங்க டீச்சர். சேறும் செஞ்சிருக்குது."

அவள் சொன்னது சரிதான். வண்டியின் இயக்க ஆற்றல் எவ்வளவு மாறியது என்பது, எல்லாரும் சேர்ந்து செய்த மொத்த வேலையைத்தான் சொல்லும். அதில் யார் பங்கு எவ்வளவு என்று அது தனியாகச் சொல்லாது. இதை நான் அங்கேயே, வரப்பில் நின்று, வகுப்புக்கு விளக்கினேன். என் ஆசிரிய வாழ்க்கையில் அதைவிடத் தெளிவாக அதை நான் விளக்கியதில்லை.

வயல்காரர் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா பாப்பா, என் போருக்குக் கம்மி பண்ற?"

"சேறும் உங்களுதுதானுங்களே," என்றாள் அவள்.

ஒரு நொடி யோசித்தார். பெரிதாகச் சிரித்தார். "ஆமா இல்ல! தண்ணி பாச்சினதும் நான்தான்!"

வேலை தொடங்கியது. டிரைவரும் மலையிலிருந்து வந்த பெற்றோர்களும் வைக்கோலை உதறிக் கட்டுக் கட்டாகக் கொடுத்தார்கள். வயல்காரர் வாங்கி அடுக்கினார். அவர் மனைவி மேலே ஏறி மிதித்தார்; கொஞ்ச நேரத்தில் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், கணக்கு மட்டும் போட்டா ஆச்சா? மேல வாங்க."

நான் அதுவரை ஒரு போரின் மேல் ஏறியதில்லை. கீழிருந்து இருவர் தள்ள, மேலிருந்து அவர் இழுக்க, பிள்ளைகள் எல்லாம் ஆரவாரம் செய்ய, எப்படியோ ஏறினேன். முதல் மிதியில் முழங்கால் வரை உள்ளே போயிற்று. இரண்டாவது மிதியில் உட்கார்ந்துவிட்டேன். "குதிகால்ல மெறிக்காதீங்க, பாதத்த பரப்பி வைங்க" என்று அந்த அம்மாள் காட்டிக்கொடுத்தார். மூச்சு வாங்கியது. வைக்கோல் தூசி மூக்கில் ஏறித் தும்மல் தும்மலாக வந்தது. கீழே நின்ற பிள்ளைகள் ஒவ்வொரு தும்மலுக்கும் கை தட்டினார்கள்.

மதியம் வயலிலேயே எல்லாருக்கும் சாப்பாடு. டிரைவர் தன் மகளையும் மாப்பிள்ளையையும் கூட்டி வந்திருந்தார். மாப்பிள்ளையின் அண்ணனும் வந்திருந்தார். பார்க்க நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், வைக்கோலும் நிறையவே சுமந்தார். டிரைவர் என் காதருகே குனிந்து, "இப்ப பரவால்லீங்க டீச்சர்" என்றார்.

பாதிச் சாப்பாட்டில் வயல்காரர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே வளைவிலிருந்து ஒரு ஜீப் இறங்கி, வேகம் குறைத்து, பாலத்தைத் தாண்டிப் போனது.

"போர வூட்டாண்ட போட்டாத்தான் மாட்டுக்குப் புடுங்கிப் போட சவுரியம்," என்றார். "இங்க போட்டா ஆடு வந்து மேயுது, தெனம் நடக்க வேண்டி இருக்குது. அடுத்த வருசம் மாத்திடலாம்னுதான் இருந்தோம்."

"மாத்தினா இன்னாவாம்?" என்றார் மனைவி.

"மாத்தல. இங்கியே போடுவோம். ஆனா இந்த மாரி இல்ல. வளைவுக்கு நேரா, நீளவாக்குல. வர்றவனுக்குத் தூரம் வேணும் இல்ல?"

அவர் என்னைப் பார்த்து, "எத்தினி மீட்டர் வெக்கலாங்க டீச்சர்?" என்று கேட்டார். நான் கையைக் கழுவிவிட்டு வந்து, பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, ஒரு கரும்புத் துண்டால் மண்ணில் எழுத ஆரம்பித்தேன்.